பாதை எப்போது செல்வமாகிறது? கொங்கு வட்டாரத்தின் போக்குவரத்தும் பொருளாதாரமும்

சாலை, ரயில்பாதை, பாலம், துறைமுகம், சரக்குக் கிடங்கு ஆகியவற்றோடு அவற்றை இயங்கச் செய்யும் கட்டண முறை, சோதனைச் சாவடி விதிகள், பழுதுபார்க்கும் பணிமனைகள், ஓட்டுநரின் தொழில்திறன் ஆகியவற்றையும் சேர்த்தே போக்குவரத்துக் கட்டமைப்பு என்று கொள்வது பொருத்தமாகும். நிதிநிலை அறிக்கைகளில் இது பெரும்பாலும் போடப்பட்ட கிலோமீட்டர்களாகவும் செலவிடப்பட்ட கோடிகளாகவும் மட்டுமே இடம்பெறுகிறது. திறப்பு விழா நடந்த அன்றே அது வட்டாரத்தின் சொத்தாகிவிட்டது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடம் தருவதில்லை. ஒரே ரயில்பாதை ஒரு தலைமுறைக் காலம் வட்டாரத்தின் விளைபொருளை வெளியே இறைத்துச் செல்லும் வாய்க்காலாக இருந்துவிட்டு, அடுத்த தலைமுறையில் அதே வட்டாரத்துத் தொழில்களுக்கு ஆதாரமாக மாறியிருக்கிறது. தண்டவாளம் மாறவில்லை; அதன் இருமருங்கிலும் வாழ்ந்தவர்கள் அதைத் தம் வசப்படுத்திக்கொள்ளும் ஆற்றலைப் பெற்றார்கள் என்பதே மாற்றத்துக்குக் காரணம் என்பது இவ்வுரையின் வாதம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் ஆகியவற்றை உள்ளடக்கிய கொங்கு வட்டாரத்தின் வரலாறு இதற்குச் சான்றாக இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வட்டார வரலாற்றுக்குள் நுழையுமுன் பொருளியலாளர்கள் இக்கேள்வியை எவ்வாறு அணுகினர் என்பதைச் சுருக்கமாகக் காண்பது நலம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958இல் வெளியிட்ட நூலில், சாலை, மின்சாரம், நீர்வழங்கல் போன்று தனியொரு நிறுவனம் தனக்கென அமைத்துக்கொள்ள இயலாமல் எல்லாத் தொழில்களும் பொதுவில் பயன்படுத்தும் முதலீட்டைச் சமூக மேல்நிலை மூலதனம் என்று குறித்து, அது வளர்ச்சிக்கு வழிவிடுமேயன்றி வளர்ச்சியைக் கட்டாயப்படுத்தாது என்றார். ராபர்ட் ஃபோகல் 1964இல் அமெரிக்க ரயில்வேயை ஆராய்ந்தபோது, ரயிலே இல்லாதிருந்து அதே சரக்கைக் கால்வாயிலும் வண்டியிலும் கொண்டுசென்றிருந்தால் எவ்வளவு கூடுதலாகச் செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டார். சமூகச் சேமிப்பு எனப்படும் இத்தொகை, 1890ஆம் ஆண்டின் விவசாயச் சரக்கைப் பொறுத்தவரை நாட்டு வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவே என்ற அவருடைய முடிவு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இதற்கு மாறாக, காலனிய இந்தியாவின் மாவட்டப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த டேவ் டொனால்ட்சன், ரயில் வந்த மாவட்டங்களில் விவசாய உண்மை வருமானம், அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்த வருமானம், ஏறத்தாழ 16 விழுக்காடு உயர்ந்தது என்று கண்டார். இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினாலும் உண்மையில் அவ்வாறல்ல. அமெரிக்காவில் ரயிலுக்கு மாற்றாகக் கால்வாயும் பேராறும் இருந்தன. இந்தியாவின் உள்நாட்டில் மாட்டுவண்டியும் பொதிமாடும் மட்டுமே இருந்தன. ஆகவே ஒரு பாதையின் மதிப்பை, அது இல்லாவிட்டால் மக்களுக்கு எது கிடைத்திருக்கும் என்பதைக் கொண்டே அளக்க முடியும்.

கொங்கு நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். கடற்கரை இல்லாத, மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் அமைந்த, கப்பலோ பெரும்படகோ ஏறிவர முடியாத காவிரி பாயும் நிலம் அது. ஆயினும் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில், கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. கரூரிலும் வெள்ளலூரிலும் கிடைத்த உரோமானிய நாணயங்களும், கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மணிக்கல் பட்டறைகளும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து காவிரிக் கரை நோக்கிச் சென்ற வணிகப் பெருவழி இக்கணவாயைப் பயன்படுத்தியதைக் காட்டுகின்றன. கொங்கு நாட்டின் முதல் போக்குவரத்துச் சொத்து இயற்கை தந்தது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. சென்னை ரயில்வே கம்பெனியின் நோக்கம் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைப்பதாக இருந்தமையால், சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாகக் கணவாயைக் கடந்து கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள பேப்பூர் வரை பாதை அமைக்கப்பட்டு, 1862இல் இரு கரைகளும் ரயிலால் ஒன்றுபட்டன. அந்நாளில் மாவட்டத் தலைநகராக இருந்த கோயம்புத்தூர் இந்த முதன்மைப் பாதையில் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சில கிலோமீட்டர் தள்ளியிருந்த போத்தனூரே நிலையமாயிற்று. 1873இல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போடப்பட்டபோதுதான் நகரத்துக்கு ரயில் கிடைத்தது. கம்பெனியின் முதலீட்டுக்கு 5 விழுக்காடு வரை வட்டியை அரசு உறுதியளித்திருந்தது; வருமானம் குறைந்தால் துண்டு விழும் தொகை இந்தியர் செலுத்திய வரியிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. உத்தரவாத முறை எனப்பட்ட இவ்வேற்பாட்டில், வழியிலுள்ள ஊர்களின் சரக்கைத் தேடிப்போய்ச் சேர்க்க வேண்டிய நெருக்கடி கம்பெனிக்கு இருக்கவில்லை.

முதல் சில பத்தாண்டுகளில் இப்பாதை என்ன செய்தது என்று பார்த்தால் வியப்பதற்கு அதிகமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1860களின் தொடக்கத்தில் பருத்தி விலை ஏறியபோது, கோயம்புத்தூர்க் கரிசலில் விளைந்த பருத்திக்கு நல்ல கிராக்கி உண்டாயிற்று. பஞ்சு பொதியாகக் கட்டப்பட்டுத் துறைமுகம் சென்றது, லங்காஷயரின் ஆலைத்துணி அதே ரயிலில் திரும்பி வந்து கைத்தறி நெசவாளரின் சந்தையைச் சுருக்கியது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியபோது ரயில் இருந்தது. தானிய மூட்டைகளும் ரயிலடியில் வந்திறங்கின. ஆனால் வேலையும் விளைச்சலும் இழந்தவரிடம் அவற்றை வாங்கக் காசு இருக்கவில்லை. நீர்ப்பாசனப் பொறியியலில் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன், ரயிலில் கொட்டும் பணத்தைப் பாசனமும் படகுப் போக்குவரத்தும் ஒருங்கே தரும் கால்வாய்களில் செலவிட வேண்டும் என்று விடாப்பிடியாக வாதிட்டது இக்காலத்தில்தான். கொங்கு மேட்டுநிலத்தில் அவர் விரும்பிய கால்வாய்கள் எவ்வளவு தூரம் சாத்தியம் என்பது ஐயத்துக்குரியது. எனினும், சரக்கை ஏற்றிச்செல்லும் வழியைக் காட்டிலும் சரக்கை விளைவிக்கும் வழி முந்தியது என்ற அவருடைய அடிப்படை வாதத்தைப் பஞ்சம் மெய்ப்பித்தது.

பின்னர் நிகழ்ந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. ரயில்நிலையங்களை ஒட்டிப் பஞ்சுப் பேட்டைகளும், கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலைகளும் தோன்றின. கோயம்புத்தூரின் முதல் நூற்பாலையை 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமான கம்போடியா பருத்தி, கிணற்றுப் பாசனத்தில் நீண்ட இழையைத் தந்தது. ஆயினும் ஆலைத்தொழில் பெருகுவதற்கு 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகே, நிலக்கரிச் சுரங்கத்துக்கு வெகுதொலைவிலிருந்த இவ்வட்டாரத்தில் மலிவான விசை கிடைத்தது. உழவிலும் பஞ்சு வணிகத்திலும் பணம் சேர்த்த குடும்பங்கள் ஆலைகளில் முதலிட்டன. ரயில் வந்ததற்கும் தொழில் செழித்ததற்கும் இடையே எழுபது ஆண்டு இடைவெளி இருந்ததை வளர்ச்சித் திட்டங்களை வகுப்போர் மறந்துவிடுகின்றனர். ரயில் இல்லாமல் அவ்வாலைகள் எழுந்திருக்கமாட்டா என்பதும் உண்மை, ரயில் மட்டும் அவற்றை எழுப்பவில்லை என்பதும் உண்மை.

இந்த இடைவெளியில் பேருந்து வகித்த பங்கு உரிய அளவு பேசப்படவில்லை. முதன்மைப் பாதைக்குத் துணையாகக் கிராமங்களிலிருந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்து சேர்க்கும் சிறு பாதைகளை ஊட்டுபாதைகள் என்று அழைக்கலாம். ரயில் கம்பெனி அமைக்காத இந்த ஊட்டுபாதைகளைக் கொங்கு நாட்டில் பெருமளவு தனியார் பேருந்துகளே ஏற்படுத்தின. ஜி.டி. நாயுடு 1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, அதை யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெருநிறுவனமாக வளர்த்தார். பேருந்து ஓடினால் பழுதாகும். உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். ஆகவே பணிமனையிலேயே கடைசல் பிடிக்கவும் வார்ப்பு வார்க்கவும் ஆட்கள் பழகினர். இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் 1937இல் ஜி.டி. நாயுடுவும் து. பாலசுந்தரம் நாயுடுவும் கோயம்புத்தூரில் உருவாக்கியது என்றால், அதற்குப் பின்னால் பேருந்துப் பணிமனையும் ஆலைப் பணிமனையும் வளர்த்த கைத்திறன் இருந்தது. அந்த மோட்டார் பம்பாகி, மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் இறங்கியது. பம்பு இறைத்த நீரில் விளைந்த பருத்தி மீண்டும் ஆலைக்கு வந்தது. ஒரு முதலீடு தன் கணக்குக்கு வெளியேயுள்ள பிறருக்கும் தரும் நன்மையைப் பொருளியல் புறவிளைவு என்கிறது. பேருந்துத் தடத்தின் வரவு செலவு ஏட்டில் பம்புசெட் தொழில் ஒருபோதும் பதிவாகியிருக்காது.

இவ்வாதத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுவது நாமக்கல். சேலம்–கரூர் அகலப்பாதை திறக்கப்பட்ட 2013 வரை நாமக்கல் நகருக்கு ரயிலே கிடையாது. ரயில் இல்லாத, வானம் பார்த்த அப்பகுதி, நாட்டின் முக்கிய லாரிப் பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்தது. சங்ககிரியும் திருச்செங்கோடும் சேர்ந்த இவ்வட்டாரத்தில் நிலம் விற்றவரும் கிளீனராகத் தொடங்கியவரும் லாரி உரிமையாளராயினர்; கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள், லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ்கள், டயர் ரீட்ரெடிங் கடைகள், வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் ஆகியன அடுத்தடுத்த தெருக்களில் அமைந்தன. ஒரே துறையினர் ஓரிடத்தில் நெருங்கி இயங்குவதால் உதிரிப்பாகமும் தொழிலாளியும் தகவலும் எளிதாகக் கிடைக்கும் இந்நிலைக்குக் கூட்டுச்செறிவு என்று பெயர். தென்மாநிலங்களில் சமையல் எரிவாயு ஏற்றிச்செல்லும் டேங்கர் லாரிகளில் பெரும்பகுதி இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை. திருச்செங்கோட்டின் ஆழ்துளை ரிக் வண்டிகள் நாடெங்கும் சென்று கிணறு தோண்டுகின்றன. கரூர் பேருந்துக்குப் பாடி கட்டுவதில் பெயர்பெற்றது. போக்குவரத்து இங்கே பிற தொழில்களுக்குத் துணையாக நிற்காமல் தானே தொழிலாகிவிட்டது. பின்னர் ரயில் வந்தபோது, கோழிப்பண்ணைகளுக்கான தீவனத் தானியத்தை வெளிமாநிலங்களிலிருந்து மொத்தமாக இறக்க அது உதவியது. காத்திருக்காமல் வளர்ந்த ஊருக்கு வந்த கட்டமைப்பு முதல் நாளிலிருந்தே பயன்பட்டது.

பாதை இருந்தும் பயன் தடைபடும் இடங்களும் உள. பிரித்தானியர் காலத்தில் சென்னை ரயில்வே அகலப்பாதையிலும், தென்னிந்திய ரயில்வே பெரும்பாலும் மீட்டர் பாதையிலும் இயங்கியதால், பாதை அகலம் மாறும் சந்திப்புகளில் மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்ற வேண்டியிருந்தது. கூலியும் தாமதமும் சேதமும் சேர்ந்து அருகிலுள்ள ஊரையும் தூரமாக்கின. பொள்ளாச்சி போன்ற ஊர்களுக்கு இக்குறை இந்நூற்றாண்டில்தான் நீங்கியது, அதுவும் மாற்றுப் பணிக்காகப் பல ஆண்டுகள் ரயிலே ஓடாமல் நின்ற பிறகு. வாளையாறு சோதனைச் சாவடி இதற்கு இணையான மற்றொரு சான்று. நாமக்கல் முட்டையும் ஒட்டன்சத்திரம் காய்கறியும் கேரளத்துக்குச் செல்லும் அவ்வழியில், நான்குவழிச் சாலை போட்ட பின்னும் லாரிகள் வரி ஆவணங்களைக் காட்ட நீண்ட வரிசையில் நின்றன. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து வணிகவரிச் சாவடிகள் நீக்கப்பட்டபோது, ஒரு கூடை ஜல்லிகூடக் கொட்டாமல் அப்பாதை விரைவு பெற்றது. அதற்கும் மேற்கே குதிரான் மலையேற்றம், முதல் சுரங்கப்பாதை 2021 ஜூலை இறுதியில் திறக்கப்படும் வரை வண்டிகளைத் தேக்கிவைத்தது. ஒரு பாதையின் திறனை அதன் மிகக் குறுகிய இடமே தீர்மானிக்கும் என்பதால், அகன்ற பகுதியை மேலும் அகலப்படுத்தச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் இச்சிக்கல்கள் எல்லாம் ஒன்றுகூடுகின்றன. உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தயாரித்த ஊர், 1970களின் பிற்பகுதியிலிருந்து ஏற்றுமதியில் இறங்கி, இன்று ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. நிலப்படத்தைப் பார்த்தால் கணவாய் வழியாகக் கொச்சியே அதற்கு அருகிலுள்ள துறைமுகம். எனினும் சரக்கின் பெரும்பகுதி முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இறங்கித் தூத்துக்குடிக்குச் செல்கிறது. கப்பல்களின் வாராந்தர எண்ணிக்கை, துறைமுகக் கட்டணம், சுங்க முகவர்களின் பழக்கம், திரும்பி வரும் லாரிக்குக் கிடைக்கும் ரிட்டர்ன் லோடு ஆகியவை தூரத்தை வென்றுவிடுகின்றன. காலியாகத் திரும்பும் வண்டியின் டீசல் செலவும், போகும் சரக்கின் வாடகையிலேயே ஏறும் என்பதால், இருவழியும் சுமை கிடைக்கும் தடமே மலிவான தடமாகிறது. தூத்துக்குடியிலிருந்து சிறு கப்பலில் கொழும்பு சென்று, அங்கே தாய்க்கப்பல் எனப்படும் பெருங்கப்பலுக்கு மாற்றேற்றம் பெற்று, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டகங்கள் போகின்றன. ஆயத்த ஆடைக்குப் பருவம் உண்டு. குறித்த வாரத்தில் கடைக்குச் சேராத சட்டைக்குத் தள்ளுபடி விலைதான். கப்பலைத் தவறவிட்ட உற்பத்தியாளர் தம் செலவிலேயே விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்த ஆர்டரின் இலாபம் அத்தோடு கரைந்துவிடும். ஆகவே இத்தொழிலுக்கு வேகத்தைவிட நேர உறுதி பெரிது. 2024 இறுதியில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகத்தின் ஆழ்கடல் முனையம் கொழும்புக்கு மாற்றாக அமையக்கூடும்; ஆனால் அங்கிருந்து உள்நாட்டுக்குச் சரக்கு வந்துபோகும் ரயிலும் சாலையும் முழுமை பெறும் வரை, திருப்பூருக்கு அது தொலைவிலுள்ள துறைமுகமாகவே இருக்கும்.

சரக்கைப் பற்றியே பேசும்போது ஆள் மறந்துபோவது வழக்கம். தையலுக்கும் செக்கிங்குக்கும் நாள்தோறும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் பெண்களுக்கு நகரப் பேருந்தே தொழிலின் வாசல். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டதைச் சலுகையாக மட்டும் பார்ப்பவர்கள், அதனால் ஒரு பெண் வேலை தேடக்கூடிய சுற்றளவு விரிகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. தன்பாத்–ஆலப்புழை விரைவு ரயிலின் பொதுப் பெட்டிகளில் நெருங்கியடித்து வரும் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்கள் இன்றித் திருப்பூரின் இன்றைய உற்பத்தி இல்லை. முன்பு பஞ்சை வெளியேற்றிய அதே தண்டவாளம் இப்போது தொழிலாளரைக் கொண்டுவருகிறது. அவர்கள் இறங்கும் ஊரில் தங்க இடமும் மருத்துவமும் அதே அக்கறையோடு திட்டமிடப்பட்டனவா என்று கேட்டால் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை.

இவ்வளர்ச்சிக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. ஏற்றுமதி பெருகிய வேகத்துக்குச் சாலையும் துறைமுகமும் ஈடுகொடுத்தன. சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு ஈடுகொடுக்கவில்லை. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகி, கீழ்மடை நிலங்கள் உவர்ந்து, 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்படும் நிலை வந்தது. சரக்கு வெளியே போகும் வழியை மட்டும் அமைத்துக் கழிவு போகும் வழியை அமைக்காத வட்டாரத் திட்டத்தைப் பாதித் திட்டம் என்றே சொல்ல வேண்டும். மறுபுறம், 2018இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைத் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பை வளர்ச்சிக்கு எதிரான மனநிலை என்று ஒதுக்கிவிடுவது எளிது. நிலம் இழப்பவரின் ஊரில் ஏறி இறங்க வழியில்லாத விரைவுச் சாலை இரு முனைகளுக்கும் உதவலாம். இடைப்பட்ட ஊர்களின் சந்தையையும் முதலீட்டையும் முனை நகரங்களே ஈர்த்துக்கொள்ளவும் கூடும். இதனைப் பொருளியலில் உறிஞ்சல் விளைவு என்பர். அவ்விவசாயிகள் கேட்ட கேள்வி இவ்விளைவைப் பற்றியதே, அப்பெயரை அவர்கள் அறிந்திராவிட்டாலும்.

ஆகவே, ஒரு புதிய சாலைக்கோ சரக்கு முனையத்துக்கோ நிதி ஒதுக்குமுன், அவ்வழியில் இன்று எந்தச் சரக்கு எந்தத் திசையில் எவ்வளவு போகிறது, திரும்பும் வண்டிகளில் எத்தனை காலியாக வருகின்றன, கிராமத்து மண்டியிலிருந்து முதன்மைப் பாதையை எட்டும் கடைசி சில கிலோமீட்டர் எந்நிலையில் இருக்கிறது என்பவற்றை மாவட்டந்தோறும் அளந்து வெளியிடுவது அரசின் கடமையாக வேண்டும். பராமரிப்புக்கான தொகை கட்டுமானச் செலவோடு சேர்த்தே ஒதுக்கப்பட வேண்டும். மழைக்குப் பின் குழி விழுந்த ஊட்டுபாதை, எத்தனை வழிச் சாலையோடு இணைந்திருந்தாலும், தக்காளி ஏற்றியவருக்குப் பயனில்லை. திட்டம் முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், வாக்களித்த வேலைவாய்ப்பும் வாடகைக் குறைவும் வந்தனவா என்று சரிபார்த்துச் சட்டமன்றத்தில் வைக்கும் நடைமுறையும் தேவை. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை; லாரி உரிமையாளர் சங்கங்களும், ஏற்றுமதியாளர் அமைப்புகளும், உழவர் சங்கங்களும் தத்தம் மாவட்டத்தில் இக்கணக்கைக் கேட்கத் தொடங்கினால் போதும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பாகவே அவர்கள் கேட்க வேண்டும்.